பன்னு உள்ளே வரக்கூடாது

மார்கழி 3, வியாழன்

காலையிலிருந்து பனி. பத்து மணிக்கும் எதிர் வீடு தெரியவில்லை. துணி காயவில்லை.

மாலை பஸ்ஸில் இவர் வந்து இறங்கினார். மடியில் அட்டைப்பெட்டி. உள்ளே மகள் நித்யாவின் ஆமை. மாப்பிள்ளை சென்னையிலிருந்து கொண்டுவந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாராம். ஒரு டீ கூடக் குடிக்கவில்லையாம். ஏன் அத்தனை அவசரம்?

கண்டக்டர் பெட்டியில் என்ன என்று கேட்டதற்கு இவர் "குக்கர்" என்றாராம். மலையேறிக் கரியாலூர் வருவதற்குள் குக்கர் பலமுறை பிறாண்டியதாம். பஸ்ஸே சிரித்ததாம். ஆக, ஊருக்கே தெரிந்தாயிற்று.

முதல் வேலையாக ஓட்டைப் பார்த்தேன். நட்சத்திர ஆமை என்றால் வனத்துறை கேஸ். இல்லை, வெறும் மண் நிறம். ஆப்பிரிக்க ஜாதியாம். வந்த புதிதில் டீக்கடை பன் அளவு இருந்ததால் பன்னு என்று பெயர் வைத்தாளாம். இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு.

இங்கே அனுப்பிய காரணம்: கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து நித்யாவுக்கு இப்போது ஐந்தாம் மாசம். புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுக்கு ஆமை ஆகாது என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். சரி. அவர் வீட்டுக்கு ஆகாதது என் வீட்டுக்கு மட்டும் ஆகுமா? பிரசவத்துக்கு அவள் வரப்போவது இங்கேதானே? அவர்கள் பீடையை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

முடிவு: பின்பக்கம் விறகுக் கொட்டகை. கோணிப்பை இரண்டு. வாசற்படி தாண்டக் கூடாது.

"மலை பூரா தாயத்த நம்பாத, மாத்திரய நம்புன்னு சொல்லிக்கினு திரியற நர்ஸம்மா, ஆமைக்கிப் பயப்படறியே," என்று இவர் சிரித்தார். அது ஊர்ப் பெண்கள். இது என் பெண். சர்வீஸ் முழுக்க டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டி எடுக்காத டிரைவர், ரிடையர் ஆனதும் பகுத்தறிவு பேசுகிறார்.

மார்கழி 4, வெள்ளி

சாப்பிடவில்லை. வைத்தது: அருகம்புல், முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ ஒன்று. வைத்தது வைத்தபடி. தலையை முழுசாக வெளியே விடவில்லை. ஒரு கண் மட்டும். பார்க்கிற பார்வை சரியில்லை.

மத்தியானம் வீடு வீடாகப் போனேன். எட்டாம் மாசக்காரி ஒருத்தி. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்றேன். "சாப்ட்டேங்க" என்றாள். குரலிலேயே தெரிந்தது. அட்டை பிரிக்காமல் சாமைப் பானைக்குள். இத்தனை வருஷமாக இந்த "சாப்ட்டேங்க"வைக் கேட்கிறேன். என்னிடமேவா?

இரவு நித்யா போன்.

"பன்னு சாப்ட்டுதாம்மா?"

"சாப்ட்டுச்சுடி."

"உள்ளதான வெச்சிருக்க? குளுருல அதுக்குப் பசியே எடுக்காதும்மா. தின்னாலும் செரிக்காது."

"உள்ளதான்டி."

"நெசமா?" என்றாள். என் பெண். பொய்யை மோப்பம் பிடிக்கிற என் மூக்கு.

மார்கழி 6, ஞாயிறு

பனி கொஞ்சம் கம்மி. பருப்பு தீர்ந்தது. காஸ் சொல்ல வேண்டும்.

நித்யா சொன்னபடி அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தலை முழுகாமல் உட்கார வைத்தேன். குடித்தது. வெள்ளையாக, கரைத்த மாவு போல ஒன்று விட்டது. அது நல்லதாம். ஆனால் தீனி? தொடவில்லை. வேண்டுமென்றே பட்டினி கிடக்கிறதோ? என் மாமியாரும் ஒரு தீபாவளிக்கு இப்படித்தான் கிடந்தார்.

பக்கத்து வீட்டு ராணி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நர்ஸக்கா, ஆம வளக்கறீங்களாமே? ஆம பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க..."

"பூரல. கொட்டாயிலதான் கீது."

"அதான், சும்மா கேட்டேங்க்கா."

சும்மா கேட்டாளாம். ஆமை வந்ததை மலை முழுக்கச் சொல்வாள். கொட்டகையில்தான் இருக்கிறது என்பதைச் சொல்வாளா? மாட்டாள்.

சாயங்காலம் தூக்கிப் பார்த்தேன். ஆற்றுக் கல் மாதிரி ஜில்லென்று. கால்களில் பலமே இல்லை. இப்படியே போனால் செத்துவிடும். நி.யிடம் என்ன சொல்வேன்? இன்னொரு கோணி போட்டேன். பாவமாகத்தான் இருக்கிறது. உள்ளே மட்டும் கூடாது.

மார்கழி 8, செவ்வாய்

நாள் முழுக்க வெயில் இல்லை. சில விஷயங்கள் சரியாகப் படவில்லை.

செம்பருத்திச் செடி மொட்டையாக இருக்கிறது. சாமிக்கு நான் பறிக்கவில்லை. ராணியா?

இவர் சட்டைப் பையில் அருகம்புல். கேட்டால் "புள்ளையாருக்கு" என்கிறார். பிள்ளையார் இவரைப் பார்த்து வருஷமாகிறது.

வேலை விட்டு வந்தால் சமையலறைத் தரை பளிச்சென்று இருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஈரத்துணியைத் தொடாத மனுஷன். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது?

கொட்டகையில் புதுப் புழுக்கை. அப்படியானால் தின்கிறது. ஓட்டைத் தொட்டால் வெதுவெதுப்பு. வெயிலே இல்லாத நாளில் அது எப்படி?

"எப்பங்க சாப்ட்டுச்சு?"

"நீ அந்தாண்ட போனதும். உன்னக் கண்டாதான் அதுக்கு பயம்."

பதில் ரொம்பத் தயாராக இருந்தது. கேட்காத கேள்விக்கும் சேர்த்து வைத்திருப்பார் போல. ஆனாலும் தின்கிறதே. இன்றைக்கு நி.யிடம் "சாப்ட்டுச்சு" என்று சொன்னபோது அது பொய்யாக இல்லை.

மார்கழி 10, வியாழன்

நி.க்கு ஐந்தாம் மாச ஸ்கேன். குழந்தை நன்றாக வளர்ந்திருக்கிறது. நஞ்சுக்கொடி மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறதாம். இந்த மலையில் எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் போகப்போக மேலே ஏறிவிடும். வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தேன்.

"நான் வாசல விடாமக் காத்தேன் பாருங்க, அதனாலதான் எல்லாம் நல்லபடியா போவுது," என்றேன் இவரிடம். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். எப்போதோ ஆறிப்போன டீ.

மத்தியானம் சுள்ளென்று வெயில். பன்னு என் கையிலிருந்தே பூவைக் கடித்தது. வாயெல்லாம் சிவப்பு, வெற்றிலை போட்ட கிழவர் மாதிரி. சிரித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மார்கழி 12, சனி

ஆறு மணிக்கு மாப்பிள்ளை போன். நி.க்கு ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

கடைசி பஸ் போய்விட்டது. வாடகைக் கார் கேட்டோம். இந்தப் பனியில் மலை இறங்க யாரும் வரமாட்டேன் என்கிறார்கள். காலை முதல் பஸ்தான்.

சம்பந்தியம்மா போனை வாங்கி, "அன்னிக்கே சொன்னேன், ஆமைய வூட்ல வெச்சா இப்டிதான் ஆவும்னு. உங்க பொண்ணு கேட்டாளா? எல்லாம் அவளா இஸ்துக்கினது," என்றார். என் பெண் ரத்தம் போய்ப் படுத்திருக்கிறாள். அந்தம்மாவுக்கு வாயைப் பார்.

போனை வைத்துத் திரும்பினால் இவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"நான்தான்டி. நான்தான் பன்னுவ உள்ள தூக்கினு வந்தேன்."

"எப்ப?"

"திங்கக்கெயமலேர்ந்து. தெனமும் நீ வேலைக்குப் போனதும் அடுப்பாண்ட வெச்சேன். வெளிய கெடந்தா செத்துடும்னு... நம்ம புள்ள குடுத்தனுப்பினது இல்ல? தப்பு பண்ணிட்டேன்டி."

பூ, புல், துடைத்த தரை, சூடான ஓடு. நான் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி. வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். இங்கே எழுதமாட்டேன்.

எழுந்து போய்ப் பன்னுவைக் கொட்டகையிலிருந்து எடுத்தார். வீட்டு எல்லைக்குள்ளேயே வேண்டாம் என்று வேலிக்கு அப்பால் புங்க மரத்தடியில் வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தார். கோணிகூடப் போடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை.

மார்கழி 13, ஞாயிறு, விடியுமுன்

பனி. பை கட்டியாயிற்று. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

தூக்கம் இல்லை. படுத்தபடி யோசித்தது. வியாழக்கிழமை நல்ல சேதி வந்தபோதும் பன்னு உள்ளேதான் வந்துபோய்க்கொண்டிருந்தது. வாசலை நான் காத்த லட்சணம் அது. நல்ல சேதிக்கு ஆமை காரணமில்லை, கெட்ட சேதிக்கு மட்டும் ஆமையா? நஞ்சு கீழே இருந்தால் ரத்தம் படலாம். இதை எத்தனை குடிசையில் உட்கார்ந்து எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! இவ்வளவு தெரிந்தும் பயம் போகவில்லை.

இப்போது நி.யே போன் பண்ணினாள். குரல் நூலாக இருந்தது. ரத்தம் நின்றிருக்கிறது. குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது. இன்றைக்கு மறுபடி ஸ்கேன், அதற்கப்புறம்தான் எதுவும் சொல்வார்களாம்.

"அம்மா, அத்த சொல்றது நெசமா? என்னாலதானா?"

"இன்னாடி பேசற நீ? நஞ்சு எறங்கினா ரத்தம் படும். இதுல உன் தப்பு இன்னா கீது?"

"பன்னு சாப்ட்டுதா?"

"சாப்ட்டுச்சு" வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "பாத்துட்டு சொல்றேன்டி," என்றேன்.

டார்ச் எடுத்துப் போய்க் கூடையைத் தூக்கினேன். கண் மூடி, கால்களை உள்ளிழுத்து, ஓடெல்லாம் பனித்தண்ணீர். இது இந்த மரத்தடியில் செத்தால் சம்பந்தியம்மா சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆயுசு முழுக்க அந்தப் பழி என் பெண் தலையில் நிற்கும். விடமாட்டேன். எனக்குப் பயம் இருந்தால் அது என்னோடு இருக்கட்டும்.

குளிக்கப் போட்ட வெந்நீரை விளாவி, முன்வாசலில் பேசினில் உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. செத்தேவிட்டது என்று நினைத்தபோது ஒரு கால் வந்தது. பிறகு தலை. துடைத்து, வாசற்படியில் பலகையைச் சாய்த்து, அதன்மேல் விட்டேன். கையில் தூக்கிப்போய்த் திருட்டுத்தனமாக வைக்க வேண்டாம். வருவதானால் தானாக, முன்வாசல் வழியாக வரட்டும்.

"வேணான்டி. எனக்கு பயமா கீது."

"நவுருங்க. நான் பஸ் ஏறினதும் நீங்கதான் அடுப்பாண்ட வெச்சி தீனி போடணும்."

நகர்ந்தார். பன்னு பலகையில் ஏறியது. மருமகள் வந்தால் வலது காலா என்று பார்ப்போம். இதற்கு நாலு கால். எந்தக் காலை முதலில் வைக்கிறது என்று இவர் குனிந்து பார்த்தார்.

பஸ் சத்தம் கேட்கிறதா என்று நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்க்கவில்லை. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாதீங்க என்றேன்.