இரண்டாவது ரத்தச் சோதனை

இன்று காலை உறைபெட்டியைத் திறந்ததும் குளிர்ப்புகை முகத்தில் அடித்தது. இரண்டாம் தட்டில் உன் பொதி. அதில் உன் பெயர் இல்லை, ஓர் இலக்கம் மட்டும்தான். அதை எழுதியவள் நான். செய்தி கேட்டுப் பத்து நாளாகியும் நீ இல்லையென்பது இன்னும் என் தலைக்குள் ஏறவில்லை.

மடுல்கெல்லப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். பிறகு நான் கண்டிக்கு வந்து திசு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ தேயிலைத் தோட்டத்திலேயே கொழுந்தெடுக்கப் போனாய். பன்னிரண்டு வருடம் கழித்து, சம்மதப் படிவத்தோடு பிரசவ வார்டில் கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னலோரக் கட்டிலில் நீ. மறுநாள் உனக்கு சிசேரியன்.

"என்னாடி, ஊசி போட வந்தியா?" என்று சிரித்தாய்.

பிள்ளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வைக் கழுவி, துண்டு துண்டாக வெட்டி உறையவைப்போம் என்றேன். சுண்ணாம்பு பட்டு வெந்த கண்ணில் அதை வைத்தால் புண் ஆறி, புதிதாக வளர உதவும் என்றேன்.

"குப்பைக்குப் போறதுதானே, எடுத்துக்க. யாருக்காவது கண்ணு தெரிஞ்சா போதும்."

முதல் சோதனையில் அகப்படாத நோயும் இருக்கலாம். ஆறு மாதத்தில் மறுபடி ரத்தம் பார்த்த பிறகுதான் சவ்வை வெளியே கொடுப்போம் என்பதையும் சொன்னேன். "பிள்ளையையும் தூக்கிட்டு வர்றேன்" என்றாய்.

ஆறு மாதம் முடிந்ததும் அழைத்தேன். உன் வீட்டுக்காரர் எடுத்தார். "ரத்தம் குடுக்க மறந்துட்டாளா? வரச் சொல்லுங்க" என்றேன், சிரித்தபடி.

"இன்னிக்குத்தான் அவளுக்குக் கருமாதி, அக்கா. மலையில குளவி கொட்டிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்ப அடுத்த கிழமை வருவாளா?"

அவர் கோபப்படவில்லை. "வரமாட்டா, அக்கா" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

எங்கள் டாக்டரம்மா யாழ்ப்பாணத்தவர். முதல் ரத்தம் சுத்தமாகத்தானே இருந்தது என்று அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"ஓம், எனக்கும் மனசு கேக்கேல்லை. ஆனால் இரண்டாவது சோதனை இல்லாமல் ஒருத்தருக்கும் வைக்க ஏலாது. அழிக்கத்தான் வேணும். வேற ஆரையும் எடுக்கச் சொல்லட்டோ?"

"வேணாம் டாக்டர்."

இன்று நானே எடுத்தேன். எரிப்பதற்கான பையில் போட்டுக் கட்டினேன். பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதினேன். மனமாரக் கொடுத்தாய், அது ஒரு கண்ணுக்கும் போய்ச் சேரவில்லை. அதை உன்னிடம் மறைக்க என்னால் முடியவில்லை.

பிற்பகல் பிலிமத்தலாவையில் இன்னொரு தாயை அழைக்க வேண்டியிருந்தது. அவளுக்கும் ஆறு மாதம். ரத்தத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"நல்லா இருக்கேன் மிஸ். ஏன்?" என்றாள்.

அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி எந்தத் தாயிடமும் அந்தக் கேள்விதான் முதலில்.