ஒழுகாத கூரை

ஞாயிறு, மைசூர்.

அருளுக்கு நாட்டின் பெரிய கட்டடக்கலை விருது அறிவித்துவிட்டார்கள். கல்லூரியில் எனக்குப் பக்கத்து மேசையில் வரைந்தவன். மாலையில் நல்ல மழை. அவன் கட்டிய சர்ச்சுக்குப் போனேன். ஜெபிக்க அல்ல, கூரை எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க. ஒரு மணி நேரம் அண்ணாந்தே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அந்த மழை இருட்டிலும் பீடத்தின்மேல் வெளிச்சம் இருந்தது. நான் வரைந்த எந்தக் கட்டடத்திலும் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததே இல்லை.

வெளியே வந்து, வாழ்த்துச் சொல்ல போன் செய்தேன்.

"விருத விடுடா. சர்ச் எப்படி இருக்கு? நீ சொன்னாத்தான் நம்புவேன்."

"எதிரொலி ஜாஸ்திடா. பிரசங்கமே புரியாது."

"அப்படியா? காலைல வரேன். நீயும் கூட வா, சரிபண்ணிடலாம்."

எதிரொலியே இல்லை. காலையில் அவன் பக்கத்தில் நின்று எதைக் கேட்கப்போகிறேன்?