பொட்டு ஒட்டிய பக்கம் வரை

இன்று காலை மகள் எழுதப் பேனை தேடி என் கைப்பைக்குள் கையை விட்டாள். பேனைக்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வந்தது. பாதி தீர்ந்த அட்டை, சின்னச் சின்ன மெரூன் வட்டங்கள். "என்ன உம்மா இது? பொட்டு வைக்கப் போறீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். வெடுக்கென்று பிடுங்கிப் பைக்குள் போட்டேன். "லைப்ரரி சாமான்" என்றேன். அது பொய்யில்லை, ஆனால் அவளுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? உனக்குச் சொன்னால் விளங்கும். எங்கே அனுப்புவது என்று தெரியாமலே உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பொட்டு முதன்முதலில் புத்தகத்துக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? நான் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐப்பசி மழை. பனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. பதுளை பஸ்ஸில் இறங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் ஃபோனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "ஹாலோவீனுக்கு வாசிக்க ஏதாவது இருக்கா மிஸ்?" என்று கேட்டார்கள். அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ உன் மேசையிலிருந்து எழுந்து வந்துவிட்டாய்.

"வெள்ளைக்காரன் பேய்க்கு வருசத்துல ஒரு நாள்தான் வேல. நம்ம தோட்டத்துப் பேய்க்கு லீவே கெடையாது. உக்காருங்க, எடுத்துத் தாரேன்."

அலமாரி அலமாரியாகப் புகுந்து ஒரு கை நிறையப் புத்தகம் கொண்டு வந்தாய். இதில் எது ரொம்பப் பயம் என்று ஒரு பிள்ளை கேட்டது. நீ யோசிக்கவே இல்லை. நெற்றியில் இருந்த பொட்டை எடுத்து ஒரு புத்தகத்தின் முதுகில் ஒட்டினாய். "இதுதான். வூட்ல தனியா இருக்கறப்ப தொறக்காதீங்க." அன்றைக்கு முழுக்க வெறும் நெற்றியோடு திரிந்தாய். மறுநாள் வந்து சொல்லிச் சிரித்தாய்: "எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு வாசல்லயே கத்துறாரு ரிஸானா. 'அடியே, நான் உசுரோடதான் இருக்கேன், பொட்ட எங்கடி?'ன்னு." நானும் சிரித்தேன். இப்போதும் அவர் உயிரோடுதான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஒக்டோபர் கடைசியிலும் ஜன்னலோரம் நம் பேய் மேசை. பஸ் நிலையத்து வளையல் கடையில் பொட்டு அட்டை வாங்கி வருவாய். ஒரு பொட்டு என்றால் பகலில் வாசிக்கலாம். இரண்டு பொட்டு என்றால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மூன்று பொட்டுக்கு நீ பொறுப்பில்லை. வருகிறவர்களிடம் முதலில் வாசிக்கிற ஆளா, படம் பார்க்கிற ஆளா என்று விசாரிப்பாய். வாசிக்க நேரமில்லை என்கிறவர்களுக்கு ஃபோனில் கேட்கிற கதைகள் சொல்லி அனுப்புவாய். "கொழுந்து எடுக்கறப்ப காதுல மாட்டிக்கிட்டுக் கேளுங்க. மலையில தனியா நிக்கறப்ப மட்டும் வேணாம்."

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி வைத்திருந்தாய். "வூட்டுக்கு எந்த வழியா போறீங்க?" மூங்கில் வளைவைத் தாண்டி நடக்கிறவர்களுக்கு மோகினிக் கதை கொடுக்க மாட்டாய். பழைய துரையின் கல்லறைப் பக்கம் போகிறவர்களுக்குப் பங்களாக் கதை கிடையாது. செத்த துரை இன்னமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து யார் வேலைக்கு வரவில்லை என்று பார்க்கிறார் என்று தோட்டத்தில் சொல்வார்களாம். "செத்தும் திருந்தல பாரு" என்பாய்.

நான் பயந்தாங்கொள்ளி. மேசையை அடுக்குவேனே தவிர ஒன்றையும் வாசித்ததில்லை. "ஒங்க ஆளுகளுக்கு ஜின்னு, எங்க ஆளுகளுக்கு முனி. ரெண்டும் ஒரே லுணுகலை பஸ்லதான் வருது, பயப்படாத" என்று சீண்டுவாய். ஒரு தடவை கொஞ்சம் எரிச்சலோடு, இதில் உனக்கு என்னதான் பிடிக்கிறது என்று கேட்டேன். புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னாய்: "பேய்க் கதன்னா என்னா? போனவங்க வாறாங்க, அவ்வளவுதான். நாமதான் கத்திக்கிட்டு ஓடுறோம்." அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அந்த மழை. போயா நாள், பௌர்ணமி விடுமுறை, நூலகம் பூட்டு. உன் வீட்டுக்காரர் ஃபெக்டரியில் இருந்தார். நீ வீட்டில் இருந்தாய். மலை சரிந்து இறங்கி உங்கள் லயத்து வீடுகளை மூடிவிட்டது. பாதை உடைந்து பஸ் ஓடாததால் நான் வந்து சேர்வதற்குள் உன்னை எடுத்து அடக்கமும் செய்துவிட்டார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அழுகை வருமென்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அது இன்னும் போகவில்லை.

இந்த ஒக்டோபர் வந்தபோது, புதிதாக வந்த பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். "இந்த வருசம் அந்த மேசை வேணாம் மிஸ். சாவு விழுந்த ஊர்ல பேய்ப் புத்தகத்தப் பரப்பி வைக்கிறது சரியில்ல" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நீ இல்லாமல் அந்த மேசையை அடுக்க எனக்குக் கையும் வரவில்லை. புத்தகங்களைக் கட்டிக் கீழ்த்தட்டில் வைத்தேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் உன் வீட்டுக்காரர் வந்தார். உன்னைக் கூட்டிப்போகக் குடையோடு வந்து வாசலிலேயே நிற்கிற மனிதர், அன்றுதான் முதன்முதலாக உள்ளே வந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.

"வாங்க அண்ணன்" என்றேன்.

"பேய்ப் புத்தகம் ஒண்ணு வேணும் மிஸ். அவ ஆளுகளுக்குக் குடுப்பாளே, அந்த மாதிரி. எழுத்துக் கூட்டி வாசிச்சிருவேன்."

உன்னோடு இருந்த பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. "வீட்டுக்கு எந்த வழியா போறீங்க?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"இப்பத் தங்கச்சி வூட்லதான் இருக்கேன். பழைய வழி மூடிப்போச்சுங்களே மிஸ்."

எப்படிப்பட்ட பேய் வேண்டும் என்று கேட்டேன். குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வந்து, வூட்லயே இருக்கணும் மிஸ். ஒண்ணும் செய்ய வேணாம். அடுப்படியில சட்டி பானைய உருட்டிக்கிட்டு இருந்தா போதும்."

அவரை உட்காரவைத்துப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, கீழ்த்தட்டுக் கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு புத்தகமாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லாவற்றிலும் கடைசியில் பேயை விரட்டிவிடுகிறார்கள். ஒன்றில் மந்திரவாதி வந்து புளியமரத்தில் ஆணி அடிக்கிறான். ஒன்றில் எலுமிச்சம்பழத்தை வெட்டி ஆற்றில் விடுகிறார்கள். நல்ல மனசுக்காரர் எழுதியதாக இருந்தால், ஆத்மா சாந்தியடைந்து ஒளியாகப் போய்விடுகிறது. ஒரு பேயைக்கூட வீட்டில் இருக்க விடவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லீங்களா மிஸ்?"

மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது. முதுகில் நீ ஒட்டிய இரண்டு பொட்டு. செத்துப்போன மனைவி திரும்பி வந்து பழையபடி சோறாக்குகிறாள், படியில் உட்கார்ந்து மழை பார்க்கிறாள். புருஷன் பேசாமல் இருந்துவிடுகிறான். கடைசி அத்தியாயத்தில்தான் அவன் அண்ணன் போய்ப் பூசாரியைக் கூட்டி வருகிறான். உன் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன். போன வருசத்து மிச்ச அட்டை அப்படியே கிடந்தது. ஒரு பொட்டை எடுத்து, அந்த அண்ணன் புறப்படுகிற பக்கத்துக்கு முந்தின பக்கத்தின் ஓரத்தில் ஒட்டினேன்.

"இந்தப் பொட்டு வரைக்கும் வாசிங்க அண்ணன். அதுக்குப் பிறகு வேணாம்."

"அதுக்கு மேல என்னா நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல்ல. அவ வீட்டுலதான் இருக்கா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா, நம்புவதாக முடிவெடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. "சரி மிஸ்" என்று புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

தவணை தாண்டியும் புத்தகம் வரவில்லை. நானும் கேட்டு அனுப்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவரே கொண்டுவந்தார். விரித்துப் பார்த்தேன், பொட்டைக் காணவில்லை. பசை இருந்த இடம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. மிச்சத்தையும் வாசித்துவிட்டார், பூசாரி வந்ததையும் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

"மன்னிச்சிருங்க மிஸ், நாந்தான் எடுத்தேன்" என்றார். "தங்கச்சி வூட்டுக் கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கேன். எங்க வூட்டுக் கண்ணாடி பூராப் பொட்டாத்தான் இருக்கும். சவரம் பண்ண மூஞ்சி தெரியாது. தெனம் சத்தம் போடுவேன் அவள."

"அதுக்கு மேல வாசிச்சீங்களா?"

"இல்லீங்களே. நீங்கதான வேணாம்னீங்க." போகத் திரும்பியவர் நின்றார். "இன்னொண்ணு இருக்குங்களா? இதே மாதிரி, பாதியில நிப்பாட்டிக்கிற மாதிரி."

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் இப்போது நானே வாசிக்கிறேன். நீ எத்தனையோ தடவை கெஞ்சியும் தொடாதவள், பஸ்ஸில், சமையல் நேரத்தில், மகள் படிக்கிற மேசையில், ஒவ்வொன்றாக வாசித்து, எந்தப் பக்கத்தோடு நிறுத்தலாம் என்று தேடுகிறேன். சிலதில் நடுவிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. சிலது கிட்டத்தட்டக் கடைசி வரைக்கும் தாங்குகிறது. மூன்று பொட்டுப் புத்தகங்களுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. அட்டை தீர்ந்தால் அதே வளையல் கடையில் வாங்க வேண்டும். பர்தா போட்டவள் போய்ப் பொட்டு கேட்டால் கடைக்காரர் என்ன நினைப்பாரோ, நினைக்கட்டும்.

மேசை இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் பூட்டுகிற நேரத்தில் பனி உள்ளே வந்துவிடும். சில நாள் அந்த மேசைப் பக்கம் ஏதோ நகர்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். எலியாகத்தான் இருக்கும். முன்பென்றால் உன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு லைட்டைப் போட ஓடியிருப்பேன். இப்போது லைட்டைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன்.