கட்டிலின் எந்தப் பக்கம்

ஜனவரி 9, யோக்யகர்த்தா

மழை. துணி காயவில்லை, இடுப்பு வலி விடவில்லை. என் மொழிபெயர்ப்பைக் கடைசி முறையாகச் சரிபார்க்கிறேன்; முதலிரவுக் காட்சிக்கு வந்துவிட்டேன். இதே அர்ஜென்டீனா நாவலை முப்பது வருடத்துக்கு முன் நம் இந்தோனேசிய மொழிக்குக் கொண்டுவந்த ஹர்யோனோ அங்கே எழுதியிருப்பது: "அவள் கணவனிடம் தன்னை ஒப்படைத்தாள்."

மூலத்தில் ஒப்படைப்பே கிடையாது. "அவன் அழுத்திப் பிடித்தான். விடியும்வரை அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்." எழுதியவள் ஒரு பெண்.

ஹர்யோனோவுக்கு என்னைவிட ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும். பிறகு ஏன்? கட்டிலில் கணவன் பக்கமாக நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அவள் கத்தவில்லை, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 22

பதிப்பாசிரியர் குன்தோரோ அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார். மழையைப் பற்றி, என் அம்மாவின் சர்க்கரையைப் பற்றி எல்லாம் பேசி முடித்து, இஞ்சித் தண்ணீர் ஆறிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அந்த இடம் கொஞ்சம் முரடா இருக்கே வுரி. பழைய வரி எல்லாருக்கும் மனப்பாடம். மொழிபெயர்க்கிறதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?"

"அப்படின்னா ஹர்யோனோ ஏங்க புருஷனை மட்டும் காப்பாத்தினார்?"

சிரித்தார். "சரி, சரி" என்றார்.

இன்றாவது தூக்கம் வரும்.

மார்ச் 3

புத்தகம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். ஒப்படைத்தாள்.

அட்டையில் என் பெயர். உள்ளே அந்தப் பொய்.

நான் இந்த ஊரில் பிறந்தவள். இங்கே பெரியவர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். சரி என்றால், நீ சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். தெரிஞ்சும் ஏமாந்தேனே — எத்தனை தடவைதான் ஒரே வரிக்காகச் சண்டை போடறது?

மார்ச் 4

தோழி தித்திக் சொல்கிறாள்: "வெளியீட்டுக்குப் போகாதடி. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு." அதுவும் இந்த ஊர்ப் பதில்தான்.

மார்ச் 11

போனேன். பாய், வேகவைத்த கடலை, நிறையப் பெண்கள். மொழிபெயர்த்தவர் ஒரு பக்கம் வாசிப்பது வழக்கம். மற்றவர்கள் புத்தகத்தில் விரல் வைத்துக் கூடவே வருவார்கள். அந்தப் பக்கத்தையே எடுத்தேன். அச்சில் இருப்பதை விட்டுவிட்டு, நான் எழுதியதை வாசித்தேன்.

விரல்கள் நின்றன. கடலை உரிக்கிற சத்தமும் நின்றது. குன்தோரோ தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னால், மடியில் குழந்தையோடு ஒருத்தி: "அக்கா, அந்த ரெண்டு வரியை இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா." பேனா தேடினாள். பக்கத்தில் இருந்தவளும் தேடினாள்.

மெதுவாகச் சொன்னேன்.





மே 19

கல்லூரியில் பேசிவிட்டு வந்தேன். அலுப்பு. ஒரு மாணவி கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினாள். அந்தப் பக்கத்தில் 'ஒப்படைத்தாள்' அடிக்கப்பட்டு, மேலே என் இரண்டு வரிகள், யாருடைய கையெழுத்திலோ.

"வெளியீட்டுக்கு வந்திருந்தியா?"

"இல்லக்கா, நான் மக்காசர், வேற தீவு. அம்மா படிச்சிட்டுக் கொடுத்தது. அங்க எல்லார் புத்தகத்துலயும் இப்படித்தான் திருத்தி வச்சிருக்காங்க. அச்சுப் பிழையாமே?"

ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.