குளியலறைக் காட்சி

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. நலமாக இரு.

வாரப் பத்திரிகையில் ‘இந்த ஆண்டு எனக்குப் பிடித்தவை’ என்று நீ எழுதியதைப் படித்தேன். பாட்டு ஒன்று, படம் ஒன்று, சரி. தொலைக்காட்சியில் பிடித்தது என்று நீ கதை எழுதிய தொடரையே போட்டுக்கொண்டாய். அதையும் விட்டுவிடலாம். ஆனால் கணவனை விட்டு வந்தவள், அழுகை வெளியே கேட்கக் கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற காட்சி “என் கற்பனையில் தானாக வந்தது” என்கிறாயே. தூ! வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாதா? உன் அக்கா படும் பாட்டைத் தாங்க முடியாமல் நான் போனில் உன்னிடம் சொன்னது அது.

அப்போதுதான் அவள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துப் பெண்கள் அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார்களாம். “அழுறது சரி, தண்ணி பில்ல யாருடி கட்டுறது?” என்று ஒருத்தி கேட்க, இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

“தம்பி என்னை நல்லா எழுதியிருக்கான்லம்மா?” என்றாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

தினமும் சாமி முன்னால் பிள்ளைகள் பெயரைச் சொல்லித்தான் வேண்டுவேன். இப்போது உன் பெயர் வரும்போது, கடவுள் மன்னிக்கட்டும், தாண்டிப் போய்விடுகிறேன்.

நம் வீட்டில் வந்து உட்கார்ந்தால்தான் அடுத்த கதை ஓடும் என்று அப்பாவிடம் சொன்னாயாம். வா. சாப்பாடு போடுகிறேன். ஆனால் உன் முன்னால் இந்த வீட்டில் இனி யாரும் அழ மாட்டோம்.

உன்னைப் பெற்றவள்