சவுக்குத்தோப்புல நின்ன வண்டி

அன்பு மக ஜெபாவுக்கு அப்பா எழுதறது. இன்னிக்கி காலையில பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு சேதி வந்துச்சும்மா. ஃபவுண்டரியில கடிகாரத்துக்குக் கீழதான் நின்னுக்கினு இருந்தேன், அதால நிமிஷம் கூட தெரியும். பூனாவுல நீ நோய் நொடி இல்லாம இருக்கணும்னு ஜெபம் பண்றேன், நானும் இங்க நல்லாத்தான் கீறேன். ஒன்றரை வருஷமா இந்த வரிய போன்ல உன்கிட்ட பொய்யா சொல்லிக்கினு இருந்தேன், இன்னிக்கி பொய் இல்ல. திருவள்ளூர்ல இருந்து வக்கீல் செல்வி மேடம் கூப்ட்டாங்க, நுகர்வோர் கோர்ட்ல தீர்ப்பு நம்ம பக்கம், கியர்பாக்ஸ் ஒடஞ்சது நீங்க ஓட்டின வழியால இல்லன்னு எழுதிட்டாங்க பென்னின்னு என்கிட்ட சொன்னாங்க. இன்னொரு வாட்டி சொல்லுங்க மேடம்னேன். சிக்னல் இல்லன்னு நெனச்சி அவங்க கத்தி சொன்னாங்க.

அம்மாவ அடக்கம் பண்ணிட்டு நீ ரயில் ஏறும்போது ஏம்ப்பா வண்டிய அந்த வழியில வுட்டன்னு ஒரு கேள்வி கேட்ட. நான் பதில் சொல்லல, நீயும் அதுக்கப்பறம் கேக்கல, சாப்ட்டியா சாப்ட்டேன்னு மட்டுந்தான் பேசிக்கினு வர்றோம். இப்ப சொல்றேன் கேளு. அன்னிக்கி விடியல்ல அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சப்ப தரைப்பாலத்து மேல இடுப்பளவு தண்ணி ஓடுது, வெளிய இருந்து ஒரு வண்டி உள்ள வர முடியாது. மேடா இருந்தது சவுக்குத்தோப்பு மணல் வழி ஒண்ணுதான், நாலு சக்கரமும் இழுக்கற வண்டிதானேன்னு அதுல வுட்டேன். தோப்பு முடிஞ்சி ஹைவே லாரி கண்ணுக்குத் தெரியுது, அங்க கியர்பாக்ஸ் படார்னு ஒடஞ்சி வண்டி நின்னுச்சு. போன்ல சார்ஜும் செத்துப்போச்சு. அம்மாவ தோள்ல போட்டுக்கினு ஓடினேன். மீதி உனக்குத் தெரியும்.

வண்டிய சரி பண்ண வுட்ட ஷோரூம்ல சர்வீஸ் மேனேஜர் ராபின், ரோடு இல்லாத எடத்துல ஓட்டியிருக்கீங்க சார், அடியில வெட்டின மரத்து கட்டை இடிச்சிருக்கு, வாரண்டியில வராதுன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தான். கூட வந்த நம்ம ஃபோர்மேன் தேசப்பன் வுடல, விளம்பரத்துல பாறை மேல ஏத்தி எறக்கறீங்க, எங்காளு மணல்ல போனா மட்டும் தப்பா நைனா, அந்தப் பாறை இன்னா தார் ரோடான்னு கேட்டாரு. ஷோரூமே சிரிச்சுது. எனக்கு மட்டும் அந்தப் பேப்பர்ல வேற ஒண்ணு எழுதியிருந்தா மாதிரி இருந்துச்சு. நீதான் வண்டிய ஒடச்ச, நீதான் அவள ஆஸ்பத்திரியில கொண்டுபோய் சேக்கலன்னு.

அதுக்கு மேல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். கியர்பாக்ஸோட ஒடஞ்ச மேல் கூட்ட ஊட்டுக்கு எடுத்துக்கினு வந்து, அழுக்கோட எந்த பீஸையும் பாக்கக் கூடாதுங்கற கை பழக்கத்துல தின்னர் ஊத்தி பளபளன்னு தொடச்சிட்டேன். கட்டை இடிச்ச தடத்த அழிச்சிட்டான்னு கம்பெனி வக்கீல் அதையே புடிச்சிக்கினாரு. இருவது வருஷமா அழுக்கு பீஸ பாக்காத மகராசன், அன்னிக்கி ஒரு நாள் கைய கட்டிக்கினு இருந்தா இன்னான்னு தேசப்பன் திட்டினாரு. தொடச்சப்ப ஒடஞ்ச எடத்துல எனக்கு குழி குழியா தெரிஞ்சுதும்மா, உருக்கி ஊத்தும்போது காத்து மாட்டிக்கினா வுழற ஓட்டை, தெனம் நான் பாக்கறதுதான். ஆனா என் கண்ண நானே நம்பல. தப்பு என்னுது இல்லன்னு ஆவணும், அந்த ஆசையால தெரியுதோன்னு தோணுச்சு. எங்க வேலையில அவனவன் செஞ்ச பீஸ அவனவனே பாஸ் பண்ணக் கூடாது, வேற கண்ணு பாக்கணும். அதுக்குத்தான் கேஸ் போட்டேன், வண்டிக்கு இல்ல.

கோர்ட்டு அந்த ஒடஞ்ச கூட்ட ஒரு காலேஜ் லேபுக்கு அனுப்பி அறுத்துப் பாத்தாங்க. அஞ்சு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டிய சுவரு அந்த எடத்துல ரெண்டு மில்லிதான், உள்ள பூரா காத்து ஓட்டை. வெளிய அடி பட்டிருந்தா உள்பக்கம் நசுங்கியிருக்கும், இது உள்ளேர்ந்தே விரிசல் வுட்டு வந்திருக்கு, கொஞ்ச நாள்ல நல்ல ரோட்டுலயே ஒடஞ்சிருக்கும்னு எழுதியிருக்காங்க. எங்கயோ என்னப் போல ஒருத்தன் அத பாஸ் பண்ணி சீல் அடிச்சிருப்பான். அவன் மேல கோவம் வரல, இன்னா அவசரத்துல இருந்தானோ. சேதி கேட்ட பிறகு இன்னிக்கி ரெண்டு பீஸ நான் பாஸ் பண்ணாம திருப்பி அனுப்பிட்டேன். அதால பாப்பா, உன் கேள்விக்கு பதில் இதான். வேற வழி இல்ல, வழியால ஒடையவும் இல்ல. அம்மா வரப்போறதில்ல, அது தெரியும். ஆனா நெஞ்சு மேல வச்சிருந்த கல்லு எறங்கிடுச்சு.

செண்பகம் அத்த நாப்பத்தொண்ணு ஒரு வயசான்னு எனக்கு பொண்ணு பாக்கறேன்னு பேஜாரு பண்ணுது, நீ ஒரு வார்த்த சொல்லி வையி, உன் பேச்சுன்னா கேக்கும். புளிக்கொழம்பு இப்ப வாயில வைக்கறா மாதிரி வருது. நைட் டியூட்டி முடிஞ்சா நாஷ்டா துன்னுட்டு தூங்கு, வெறும் டீயோட படுக்காத. அங்க குளிராமே, அம்மாவோட பச்ச ஸ்வெட்டர பார்சல்ல அனுப்பறேன், தோய்க்கல, அப்டியே போட்டுக்கோ. கிறிஸ்மஸுக்கு லீவு இப்பவே எழுதிக் குடு, மறந்துடாத, கல்லறைக்கு சேர்ந்து போய் சுண்ணாம்பு அடிக்கணும். கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாத்தட்டும், என் கண்ணு.

அன்னிக்கி சார்ஜ் செத்ததுல இருந்து என் போன் ஒரு நிமிஷம் கூட அணைஞ்சதில்ல, ரெண்டு சார்ஜர் வச்சிருக்கேன். தீர்ப்பு வந்ததுல இருந்து வண்டிய எப்ப எடுக்க வர்றீங்கன்னு ராபின் கூப்ட்டுக்கினே இருந்தான். அரை நாள் லீவு போட்டுட்டு வந்து பாய விரிச்சிட்டேன், தூக்கம் கண்ண சுத்துது. இன்னிக்கி நீ அடிச்சி கெடைக்கலன்னு பயந்திருந்தா, பயப்பட ஒண்ணும் இல்லம்மா. என் போன நான்தான் அணைச்சி வச்சேன்.

உன் அப்பா
பென்னி