கார் வெயில் சாப்பிடும் நாள்

ஜூலை 24, 2025, வியாழன்

போர்ச் கூரையில் நாலு சோலார் தகடும் ஏறிவிட்டன. வாடகை வீடு, மீட்டர் பக்கமே போகக் கூடாது என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். அதனால் தகடு, சின்ன பேட்டரி, இன்வெர்ட்டர், என் பழைய மின்சாரக் கார் எல்லாம் தனிக் குடித்தனம்.

கணவர் வசந்தன் கீழே நின்று பார்த்தார். "மெர்டேக்கா, சுதந்திர தினம் வரைக்கும் டைம் தரேன், வாசுகி. வெயில்லயே ஓடணும். வெளிய ஒரு தடவை சார்ஜ் போட்டாலும் கழட்டி வித்துடுவேன்."

பதினொரு வருஷமாகத் தொழிற்சாலையில் யார் யாரோ கட்டிய மிஷினைத்தான் பழுது பார்க்கிறேன். இது நானே கட்டியது. எனக்கு இது வேணும்.

ஜூலை 25

சார்ஜரில் சிவப்பு விளக்கு. ஏன்?

ஜூலை 27

அதே இன்வெர்ட்டரில் ஃபேன் சுற்றுகிறது, சோறு வேகிறது. கார் மட்டும் வாயே திறக்கவில்லை. அதற்கு மட்டும் என்ன தெரிகிறது? வயர்மேன் ஷாஹித்தைக் கூப்பிட்டேன். சோதித்துவிட்டுச் சிரித்தார். "எர்த்தே இல்லைக்கா. கார் சார்ஜர் அதைப் பாக்காம கரண்ட் விடாது. ஃபேனுக்கு அந்த அறிவு கிடையாது லா." மண்ணில் கம்பி அடித்து இணைப்பைச் சரிசெய்தார்.

பச்சை! அலமாக், கைதட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 3

நைட் ஷிப்ட். பகல் முழுக்கக் கார் வீட்டில். நல்ல வெயிலில் ஒரு பகலுக்குப் பதினெட்டு சதவீதம் ஏறுகிறது. பாசிர் கூடாங் தொழிற்சாலைக்குப் போய்வர எட்டுதான். தூங்காமல் எண்ணையே பார்க்கிறேன், மேகம் வந்தால் திட்டுகிறேன்.

ஆகஸ்ட் 10

என்னைப் போல மடச்சி உண்டா? கணக்கெல்லாம் நைட் ஷிப்டில் போட்டது. நேற்று முதல் பன்னிரண்டு மணி நேர மார்னிங் ஷிப்ட். வெயில் வீட்டில், கார் தொழிற்சாலையில்! நான் ஏழரைக்கு வீடு சேரும்போது சூரியனும் வேலை முடிந்து போயாச்சு. சின்ன பேட்டரி மேகம் கடக்கிற வரைதான் தாங்கும்.

"இது முன்னாடியே தெரியாதா?" என்றார் வசந்தன்.

தெரியலையே!

ஆகஸ்ட் 19

31 சதவீதம். ஆனால் வழி கிடைத்துவிட்டது. நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. ஓய்வு நாள் இரண்டிலும் கார் நகராமல் நின்றால் முப்பத்தாறு ஏறும். வேலைக்கு முப்பத்திரண்டு போதும்.

ஓய்வு நாளில்தான் வசந்தனுக்குச் சொந்தக்காரர் விசேஷங்களுக்குப் போகக் கார் வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகலாமே என்றேன். "நீ பட்டுச்சேலையோட மோட்டார்ல போய் இறங்கினா எங்கக்கா என்னைக் கிழிச்சிடுவாங்க."

ஆகஸ்ட் 30

பதினொன்று. இரண்டு ஓய்விலும் அவர் காரை எடுத்ததால் இருபத்திரண்டு இருபத்திரண்டுதான் ஏறியது. நாளை மெர்டேக்கா, கூலாயில் அவர் அக்கா மகள் கல்யாணம். காரில் போனால் வெளியே சார்ஜ் போட்டே ஆகணும். போட்டால் தகடு போச்சு. அழுகையா வருது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சார்ஜர் ஏற்கெனவே மாட்டியிருந்தது. பச்சை. பக்கத்தில் வசந்தன், கையில் இரண்டு ஹெல்மெட்.

"நல்ல வெயில். அது சாப்பிடட்டும், ஏறு."

"உங்கக்கா?"

"அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கூலாய் போவதற்குள் தலைப்பூ நசுங்கிவிட்டது. அக்கா திட்டத்தான் செய்தார். இவரோ பந்தியில் எல்லாரிடமும், "எங்க கார் வீட்டுல வெயில் சாப்பிடுது" என்று ஒரே பெருமை.

மாலை வீடு திரும்பியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தார், எனக்கு முன்னால்.

"இருபத்தொன்பது, வாசுகி! நாளைக்கும் கார் எடுக்க வேணாம்."